ஹோப் டவுன் ஜெட்டியில் நடந்த கொலை: மேயோ பிரபுவும் ஷேர் அலியும்

நம் சங்கத்தின் பொங்கல் விழா மாறுவேடப் போட்டிக்கு என்னையும் ஒரு நடுவராக உட்கார வைத்திருந்தார்கள். பாரதியார் நான்கு பேர், அவ்வையார் மூன்று பேர், ஒரு வேலு நாச்சியார். கடைசியாக ஏழு வயதுப் பையன் ஒருவன் கறுப்புத் தாடி ஒட்டிக்கொண்டு, காலில் சங்கிலி, கையில் அட்டையில் வெட்டிய கத்தியோடு மேடைக்கு வந்தான். பின்னால் செல்லுலார் ஜெயில் படம் போட்ட தட்டி. "நான்தான் ஷேர் அலி. வெள்ளைக்கார வைஸ்ராயைக் குத்திக் கொன்ற விடுதலை வீரன்" என்று கணீரென்று சொன்னான். மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

பிரச்சினை நடுவர் மேசையில்தான் வந்தது. என் வலது பக்கம் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், "கொலைகாரன் வேஷத்துக்கா பரிசு கொடுக்கிறது?" என்றார். இடது பக்கம் இருந்தவர், "என்ன சார் இப்படிச் சொல்றீங்க, அவர் தியாகி" என்றார். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "நயினார், நீங்கதான் பழைய புஸ்தகமெல்லாம் வாங்கிப் படிக்கிறவர். நீங்க சொல்லுங்க" என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சமயத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, 1983-ல் கப்பல் ஏறி வந்து பாத்திரக் கடையில் உட்கார்ந்தவன் நான். படித்ததெல்லாம் கடை மூடிய பிறகு படித்ததுதான். ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தீவின் சோற்றைத் தின்றுவிட்டு, இந்தத் தீவில் நடந்த மிகப் பெரிய கொலையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரை அதற்காக எழுதியது.

முதலில் ஒரு திருத்தம். ஷேர் அலிக்கும் செல்லுலார் ஜெயிலுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தச் சிறையைக் கட்டத் தொடங்கியது 1896-ல், முடிந்தது 1906-ல். ஷேர் அலி தூக்கில் தொங்கியது 1872-ல். சென்னையிலிருந்து வரும் நம் உறவுக்காரர்கள் ஒலி-ஒளிக் காட்சி பார்த்துவிட்டு, அந்தமான் கதை முழுவதும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நடந்ததாக நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். செல்லுலார் ஜெயில் வருவதற்கு முன்பே, 1858 மார்ச்சில் டாக்டர் ஜே. பி. வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து இறங்கிய நாள் முதல், இந்தத் தீவே சுவரில்லாத சிறையாகத்தான் இருந்தது. சுற்றிலும் கடல், உள்ளே காடு. தப்பி எங்கே போவது?

சுவர் இல்லாத அந்தச் சிறை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இந்தக் கொலை புரியும். வந்த புதிதில் கைதிக்குக் காடு வெட்டும் வேலை, சங்கிலி வேலை. சில ஆண்டுகள் ஒழுங்காக இருந்தால் கட்டு தளரும். இன்னும் நல்ல பெயர் எடுத்தால் தனிக் குடிசை கட்டிக்கொண்டு, ஒரு தொழில் செய்து, தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவர்கள் விவசாயம் பார்த்தார்கள், மாடு வளர்த்தார்கள், கடை வைத்தார்கள். அதிகாரிகளின் வீடுகளில் சமையல், துணி துவைப்பது, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாமே கைதிகள்தான். அந்தக் காலத்து அதிகாரிகளிடம் ஒரு நினைப்பு இருந்தது: வீட்டு வேலைக்குத் திருடனை வைக்காதே, கொலைக் கைதியை வை. திருடனுக்குத் திருட்டு பழக்கம். கொலை செய்தவன் ஏதோ ஒரு கோபத்தில் ஒரு தடவை செய்துவிட்டான், இனிச் செய்யமாட்டான் என்பது கணக்கு. பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. ஒரு தடவை தப்பியது. தப்பிய அன்று போனது இந்தியாவையே ஆண்ட வைஸ்ராயின் உயிர்.

ஷேர் அலி கைபர் கணவாய்ப் பக்கத்து மனிதர், ஆப்ரிதி என்னும் பட்டாணிய இனத்தவர். நம் பையன் மேடையில் சொன்ன மாதிரி இவர் ஆரம்பத்தில் வெள்ளைக்காரனுக்கு எதிரி இல்லை. எதிரி இல்லை என்பது மட்டுமல்ல, அவர்களிடம் வேலை பார்த்தவர். பஞ்சாப் குதிரைப் போலீசில் இருந்தார். பெஷாவர் கமிஷனராக இருந்த ரெய்னல் டெய்லர் என்ற அதிகாரிக்குக் குதிரைமேல் போகும் சேவகராக, ஆர்டர்லியாக இருந்தார். அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இவரிடம் இருந்திருக்கிறது. வேலையில் மகிழ்ந்துபோன டெய்லர் இவருக்குக் குதிரையும் கைத்துப்பாக்கியும் நற்சான்றிதழும் கொடுத்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தன் பிள்ளைகளை ஒருவன் கையில் ஒரு தகப்பன் ஒப்படைக்கிறான் என்றால், அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு என்ன இருக்கிறது?

பட்டாணியர் வழக்கத்தில் 'பதல்' என்று ஒன்று உண்டு. பழிக்குப் பழி. பாட்டன் காலத்துப் பகையைப் பேரன் தீர்க்கவேண்டும். தீர்க்காவிட்டால் அவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஷேர் அலியின் குடும்பத்துக்கும் அப்படி ஒரு பகை இருந்தது. அந்தப் பகையில் உறவினன் ஒருவன் பெஷாவரில் கொல்லப்பட்டான். இதே காரியம் சில மைல் தள்ளி மலைக்குள் நடந்திருந்தால் அங்கே கேட்க ஆளில்லை, ஊரார் மெச்சியிருப்பார்கள். பெஷாவர் ஆங்கிலேயர் சட்டத்துக்கு உட்பட்ட பட்டணம். ஷேர் அலி குற்றத்தை மறுத்தார். 1867 ஏப்ரல் 2-ம் தேதி மரண தண்டனை விதித்தார்கள். பிறகு மேல் விசாரணையில் கர்னல் போலாக் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்து, கடல் கடத்த உத்தரவிட்டார். காலாபானி.

உயிர் பிழைத்ததே என்று நாம் நினைப்போம். அவர் அப்படி நினைக்கவில்லை. மேயோ பிரபுவின் வாழ்க்கையை 1875-ல் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்ட டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், ஷேர் அலி கடைசியில் கொடுத்த வாக்குமூலத்தின் சாரத்தைக் கொடுத்திருக்கிறார். குத்தியது தான் இல்லை, ஆனால் சதியில் தனக்குப் பங்கு உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டாராம். குலப் பகைவனைக் கொல்வது அவர் கண்ணில் குற்றமே இல்லை. அதற்குப் போய், இத்தனை நாள் உப்பைத் தின்று உழைத்த எஜமானர்களே தண்டித்துவிட்டார்கள் என்ற காயம்தான் ஆறவில்லை. தண்டனை கிடைத்த 1867-லிருந்தே, பெரிய பதவியில் உள்ள ஒரு ஐரோப்பியனைக் கொல்வது என்று முடிவு செய்துவிட்டார். ஹண்டர் அரசாங்கத்து மனிதர், மேயோவின் நண்பர். அவர் எழுத்தை அந்தக் கண்ணோடுதான் படிக்கவேண்டும். ஆனால் இந்த இடத்தில் அவர் சொல்வது ஷேர் அலியைக் குறைத்துக் காட்டவில்லை என்பதால் நான் நம்புகிறேன்.

எங்கள் சமண நூல்களில் குரோதத்துக்கு நான்கு படி சொல்வார்கள். தண்ணீரில் கிழித்த கோடு, மணலில் கிழித்த கோடு, மண்தரையில் கிழித்த கோடு, கல்லில் வெட்டிய கோடு. முதலாவது அப்போதே மறையும். கடைசியது மறையவே மறையாது. இது கல்லில் வெட்டியது. ஐந்து வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக அதை மனத்தில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவர் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினார். நடத்தை நன்றாக இருந்ததால் ஹோப் டவுனில் நாவிதராகத் தொழில் செய்ய விட்டார்கள். யோசித்துப் பாருங்கள், ஆயுள் கைதியின் கையில் சவரக்கத்தியைக் கொடுத்து, அவர் முன்னால் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கழுத்திலும் ஒரு கீறல் விழவில்லை.

இனி மேயோ பிரபு. ரிச்சர்ட் பூர்க் என்பது அவர் பெயர், அயர்லாந்துக்காரர், 1822-ல் டப்ளினில் பிறந்தவர். 1869 ஜனவரியில் வைஸ்ராய் ஆனார். அஜ்மீரில் உள்ள மேயோ கல்லூரி அவர் பெயரில் உள்ளதுதான். இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர் காலத்து ஏற்பாடு. மாகாணங்களுக்குக் கொஞ்சம் வரவு செலவு அதிகாரம் கொடுத்ததும் அவர்தான். அந்தமான் நிர்வாகத்தில் ஒழுங்கு குலைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைச் சீர்செய்ய ஜெனரல் டொனால்ட் ஸ்டூவர்ட்டை அனுப்பிவைத்தார். அவர் என்ன செய்திருக்கிறார் என்று நேரில் பார்க்கத்தான் ரங்கூன், மௌல்மீன் வழியாக 'கிளாஸ்கோ' என்ற போர்க்கப்பலில் இங்கே வந்தார். 1872 பிப்ரவரி 8, வியாழக்கிழமை காலை. அப்போது இங்கிருந்த கைதிகள் 7,000 பேருக்கு மேல்.

காவல் குறைவு என்று சொல்லமுடியாது. ராஸ் தீவு, வைப்பர் தீவு, சாத்தம் என்று போன இடமெல்லாம் ஆயுதம் தாங்கிய போலீசார் சுற்றி நின்றார்கள். மிக மோசமான கைதிகள் இருந்த வைப்பரில் இன்னும் கூடுதல் காவல். ஒரு சம்பவமும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, மவுண்ட் ஹாரியட் மேலே ஏறிப் பார்த்துவிடலாம், நோயாளிகள் தங்கி உடம்பு தேற்றிக்கொள்ள அந்த மலை ஏற்ற இடமா என்று பார்க்கவேண்டும் என்றார் மேயோ. ஒரு வேலையை நாளைக்குத் தள்ளிப்போடாத சுபாவம். நல்ல குணம்தான். அன்று அதுவே எமனாக வந்தது.

மவுண்ட் ஹாரியட் நம் எல்லோருக்கும் தெரிந்த மலைதான். ஏறத்தாழ 365 மீட்டர் உயரம். 1862 முதல் 1864 வரை இங்கே சூப்பரிண்டெண்டாக இருந்த டைட்லரின் மனைவி ஹாரியட்டின் பெயர் அதற்கு. 2021-ல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றினார்கள். பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னை மரங்களும் கடலும் இருக்குமே, அது இந்த மலையிலிருந்து தெரியும் காட்சிதான். கல்லாவில் உட்கார்ந்து ஆயிரம் தடவை எண்ணிய நோட்டு. அது நம் ஊர்ப் படம் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

அந்த மலையின் அடிவாரத்தில் கடலை ஒட்டி இருப்பதுதான் ஹோப் டவுன். நல்ல நடத்தை உள்ள கைதிகள் இருந்த இடம் என்பதால் அங்கே பயப்பட ஒன்றுமில்லை என்று எண்ணினார்கள். ஏறுவதற்கு ஒரே ஒரு மட்டக்குதிரைதான் இருந்தது. மற்றவர்கள் நடக்கத் தான் மட்டும் குதிரையில் போவதா என்று மேயோ முதலில் மறுத்தார். பாதி வழியில் இறங்கி, இனி என் முறை, நான் நடக்கிறேன், உங்களில் ஒருவர் ஏறுங்கள் என்றார். உச்சியில் கால் மணி நேரம் உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவர் மேலே உட்கார்ந்திருந்த அந்த நேரம், சில அடி தள்ளிப் புதருக்குள் ஷேர் அலி இருந்தார். காலையில் துறைமுகத்தில் மரியாதைக் குண்டுகள் முழங்கியதுமே, தான் காத்திருந்த நாள் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறார். எப்படியாவது வைஸ்ராய் இருக்கும் தீவுக்குப் போய்விட வேண்டும் என்று பகல் முழுவதும் பார்த்தும் வழி கிடைக்கவில்லை. மாலையில் தேடிய ஆளே தன் வாசலுக்கு வந்து இறங்குகிறார். காட்டுக்குள் நுழைந்து, ஏறும்போது கூடவே ஏறி, இறங்கும்போது கூடவே இறங்கியிருக்கிறார். காவல் இடைவெளி விடவில்லை. அடிவாரம் வந்ததும், இன்றைக்கு முடியாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்துவிட்டாராம்.

இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. பிப்ரவரியில் நமக்கு இங்கே ஐந்தரை மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்; சூரியன் மறையும் முன் சாப்பிடும் என்னைப் போன்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அன்றைய உள்ளூர் மணிக் கணக்கு வேறு. அவர்கள் கணக்குப்படி ஏழு மணி. தீவட்டிக்காரர்கள் இரண்டு பேர் முன்னால், இரண்டு பக்கமும் போலீஸ். ஜெட்டியை நெருங்கியதும், மறுநாள் ஏற்பாடு பற்றி ஏதோ உத்தரவு சொல்ல ஜெனரல் ஸ்டூவர்ட் அனுமதி கேட்டுக்கொண்டு பின்னால் திரும்பினார். மேயோ படகில் ஏறுவதற்காக நாலு எட்டு வேகமாக முன்னால் வைத்தார். அந்த நாலு எட்டுதான். ஜெட்டியில் கிடந்த கற்களின் பின்னால் ஏதோ மிருகம் பாய்ந்த மாதிரி சத்தம். தீவட்டி வெளிச்சத்தில் ஒரு கையும் கத்தியும் தெரிந்தது. முதுகில் இரண்டு குத்து.

பத்துப் பன்னிரண்டு பேர் ஷேர் அலிமேல் விழுந்தார்கள். ஆத்திரத்தில் அங்கேயே கொன்றிருப்பார்கள். ஒரு ஆங்கில அதிகாரி வாளின் பிடியால் அவர்களைத் தள்ளித் தடுத்தார். தீவட்டிகள் அணைந்துவிட்டன. மேயோ தடுமாறிக் கரையோரத் தண்ணீரில் விழுந்து, முழங்கால் ஆழத்தில் எழுந்து நின்று, நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டு, தன்னைத் தாக்கிவிட்டார்கள் என்று அந்தரங்கச் செயலாளர் பர்னிடம் சொன்னார். பெரிய காயம் இல்லை என்றும் சொன்னார். ஜெட்டியில் கிடந்த வண்டி ஒன்றின்மேல் உட்கார வைத்தார்கள். கால் தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டின் முதுகுப் பக்கம் கிழிந்து இரத்தம் கொட்டியது. சில நிமிடங்களில் சாய்ந்துவிட்டார். தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னது கடைசி வார்த்தை. எதிரே விளக்கெல்லாம் ஏற்றி, இரவு விருந்துக்குத் தயாராக 'கிளாஸ்கோ' நின்றுகொண்டிருந்தது. அதில் அவர் மனைவி காத்திருந்தார். இன்னும் பதின்மூன்று நாளில் மேயோவுக்கு ஐம்பது வயது.

அதே கப்பலில் விசாரித்தார்கள். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, கடவுள் கட்டளை என்றார் ஷேர் அலி. உன்னோடு யார் கூட்டு என்றதற்கு, மனிதர் யாருமில்லை, கடவுள்தான் கூட்டு என்றார். அரசாங்கத்துக்கு இது போதவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்தான், 1871 செப்டம்பரில், கல்கத்தாவில் தற்காலிகத் தலைமை நீதிபதி நார்மனை அப்துல்லா என்பவர் குத்திக் கொன்றிருந்தார். வஹாபிகள் என்று சொல்லப்பட்ட அரசியல் கைதிகள் அந்தமானில் இருந்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போடப் பார்த்தார்கள். நிரூபணம் ஆகவில்லை. வைஸ்ராய் கொல்லப்பட்டதால் காலியான நாற்காலிக்கு, புதியவர் வந்து சேரும்வரை போய் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? நம் மதராஸ் கவர்னர் நேப்பியர். சென்னையில் நேப்பியர் பாலம் இருக்கிறதே, அவரேதான்.

1872 மார்ச் 11-ம் தேதி வைப்பர் தீவில் ஷேர் அலியைத் தூக்கிலிட்டார்கள். கொலை நடந்து முப்பத்திரண்டாம் நாள். மேயோவின் உடல் அயர்லாந்து போய்ச் சேர்ந்தது. பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட வைஸ்ராய் இந்திய சரித்திரத்தில் இவர் ஒருவர்தான்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேலைக்காரர் செய்த கொலை என்றால் பத்திரிகைகளுக்குத் தீனி. 1840-ல் பிரபு வில்லியம் ரஸ்ஸலை அவரது பணியாள் கூர்வாசியே கொன்றபோது, தூக்கைப் பார்க்க லண்டனே திரண்டது; டிக்கன்ஸும் தாக்கரேயும்கூடப் போயிருந்தார்கள். 1879-ல் ரிச்மண்டில் கேட் வெப்ஸ்டர் என்ற வேலைக்காரப் பெண் எஜமானியைக் கொன்றாள். அந்த அம்மாளின் மண்டை ஓடு 2010-ல்தான் அகப்பட்டது. அந்தக் கொலைகளில் ஒரு திருட்டு, வேலை செய்யும் இடத்தில் ஒரு வாக்குவாதம் என்று கையில் பிடிக்கிற மாதிரி காரணம் இருந்தது. இங்கே செத்தவருக்கும் கொன்றவருக்கும் அதற்குமுன் ஒரு வார்த்தை பேச்சு இல்லை. மேயோ பெஷாவர் வழக்கைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே சந்தேகம். தண்டனை கொடுத்த 1867-ல் அவர் வைஸ்ராயாகவே இல்லை.

சரி, பரிசு விஷயம். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விடுதலை என்ற சொல்லை நாம் இன்று புரிந்துகொள்ளும் பொருளில், அவர் விடுதலைக்காகக் கொன்றார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வெறும் கொலைகாரன் என்று ஆசிரியர் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. ஒரு மனிதரை மலையிலிருந்து அழைத்து வந்து, குதிரையும் துப்பாக்கியும் கொடுத்து, தன் குழந்தைகளையும் ஒப்படைத்து, அவர் ஊர் நியாயம் வேறு என்பதையும் தெரிந்தே வைத்திருந்து, பிறகு ஒரு நாள் தங்கள் நியாயத்தால் கடலுக்கு இப்பால் எறிந்தார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க அவர் தேர்ந்தெடுத்த முதுகு தப்பான முதுகு. இரண்டும் உண்மை. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது இரண்டு கட்சிக்காரர்களுமே என்மேல் வருத்தப்பட்டார்கள்.

என் கடையில் இருபத்தாறு வருஷம் சாவி வைத்திருந்தவர், ஆயுள் கைதியாக வந்த ஒருவரின் பேரன். நான் வந்த புதிதில், "கைதி வம்சம், கல்லாப் பக்கம் விடாதே" என்று என் மாமா எச்சரித்தார். அவரிடம் ஒரு பைசா குறைந்ததில்லை. எங்கள் ஊரிலிருந்தே சிபாரிசுக் கடிதத்தோடு வந்த ஒருவர்தான் தீபாவளி வசூலோடு கப்பல் ஏறினார். இதை வைத்து எதையும் நிரூபிக்க வரவில்லை. ஆனால் ஷேர் அலியின் நற்சான்றிதழைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு இந்த இருவரும் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள்.

பையனுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தோம், செல்லுலார் ஜெயில் தட்டிக்காக ஒரு மதிப்பெண் குறைத்து. மறுவாரம் அவனையும் அவன் அப்பாவையும் ஹோப் டவுனுக்கு அழைத்துப் போனேன். நீங்களும் போகலாம். சாத்தத்தில் பெர்ரி ஏறி பாம்பூ பிளாட்டில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும். மலைக்கும் போவதாக இருந்தால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஜெட்டிப் பக்கம் பாசி வழுக்கும். குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.